உள்ளே வைத்துத் தைத்த சேலைகள்

நாகவல்லிக்கு நன்றாகத் தைக்க வரும் என்பது புகுந்த வீட்டில் ஒன்றரை வருஷம் யாருக்கும் தெரியாமல் இருந்தது. ஒரு நாள் பொன்னுத்தாயியின் பாவாடை முள்ளில் மாட்டிக் கிழிந்துவிட்டது. நாகவல்லி அதைத் தைத்துக் கொடுத்தாள். மாமியார் மலையம்மாள் அந்தப் பாவாடையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்த இடத்தில் கிழிந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"இம்புட்டு நாளா இதை எங்குட்டு ஒளிச்சு வச்சிருந்த?" என்று கேட்டாள்.

நாகவல்லி எதையும் ஒளித்து வைக்கவில்லை. யாரும் அவளிடம் கேட்டதில்லை.

காரைக்குடிக்கு ரயில் வருவதற்கு நாலைந்து வருஷம் முந்திய சமாசாரம் இது. நாகவல்லி மானகிரியில் பிறந்தவள். பதினாலு வயதில் தாயைப் பறிகொடுத்தாள். அண்ணனும் அண்ணியும் நாலு வருஷம் வைத்துச் சோறு போட்டார்கள். பிறகு கண்டரமாணிக்கத்து வீரையாவுக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிக் கொடுத்தார்கள். வீரையா நல்ல உழைப்பாளி. கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் வயலும், ஒரு ஜோடி மாடும், ஒரு வண்டியும் இருந்தன. ஊரெல்லாம் செட்டியார் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலமாகையால் மரமும் சுண்ணாம்பும் ஏற்றுகிற வண்டிக்கு ஓய்வே கிடையாது. முதல் மனைவி ஒச்சம்மாள் விஷக் காய்ச்சலில் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் விட்டுப்போன மகள்தான் பொன்னுத்தாயி. நாகவல்லி வந்தபோது அவளுக்கு ஐந்து வயது.

ஒச்சம்மாள் இறந்துவிட்டாள் என்றாலும் வீட்டை விட்டுப் போகவில்லை. உள்வீட்டு மூலையில் ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. அதற்குள் ஒச்சம்மாளின் கூறைச்சேலையும் வளையல்களும் இருந்தன. அமாவாசை தோறும் அதற்குச் சாம்பிராணி காட்ட வேண்டும். நாகவல்லியின் தாலிக் கயிற்றில் அவளுடைய தாலிக்குப் பக்கத்திலேயே முதல் தாரத்துக்கு அடையாளமாக மூத்தாள் பொட்டு என்று ஒரு சின்னப் பொன் பொட்டும் கோத்திருந்தது. நாகவல்லிக்குப் புதுச்சேலை எடுத்தால் நேரே எடுத்துக் கட்டிவிட முடியாது. முதலில் அந்தப் பெட்டி மேல் வைத்து விளக்கேற்றி, "அக்கா, நீங்க கட்டிக்கிட்டு எனக்குக் குடுங்க" என்று சொல்ல வேண்டும். ஒரு பகல், ஓர் இரவு அங்கேயே இருக்கும். மறுநாள்தான் அவள் எடுத்துக் கட்டலாம். இரண்டாந்தாரமாக வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தில் செய்கிற வழக்கம்தான். ஆனால் நாகவல்லிக்கு ஒவ்வொரு தடவையும் இன்னொருத்தி கட்டி அவிழ்த்த சேலையைக் கட்டுவது போலவே உடம்பு கூசும்.

உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் அவள் வைக்கிற குழம்பில் ஒரு நாளாவது உப்புக் கூடும். ஒச்சம்மாள் வைத்த குழம்பில் இனி எந்தக் காலத்திலும் உப்புக் கூடப் போவதில்லை. அவளுக்கு நரை விழாது. அவள் யாரிடமும் எரிந்து விழப் போவதில்லை. கண்மாய் நிறைந்தால், "மூத்தவ பாத்துக்கிட்டா" என்பாள் மலையம்மாள். பசு கிடாரிக்கன்று போட்டால் அதுவும் மூத்தவள் கொடுத்ததுதான். பசுவுக்குப் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவள் நாகவல்லி.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. வீரையா பேசாமல் இருப்பதுதான் அவளை அரித்தது. சாப்பிடும்போது ஒரு நொடி மெல்லுவதை நிறுத்தினால், ஒச்சம்மாளின் கைருசியை நினைக்கிறார் என்று தோன்றும். வண்டியை அவிழ்த்துவிட்டு மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றால், அவள் ஞாபகத்தில் நிற்கிறார் என்று தோன்றும். அவன் ஒரு தடவைகூட ஒச்சம்மாள் பேரைச் சொன்னதில்லை. சொல்லாததையே பெரிய சாட்சியாக எடுத்துக்கொண்டாள் நாகவல்லி. வாய்க்கு வராத அளவுக்கு நெஞ்சுக்குள் இருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

பிறகு அவள் கர்ப்பமானாள். சொன்ன அன்றைக்கே மலையம்மாள் ஓலைப்பெட்டிக்கு முன்னால் சூடம் ஏற்றினாள். கண் கலங்கியிருந்தது.

"மூத்தவ வாராடி. விட்டுட்டுப் போன பிள்ளையப் பாக்காம இருக்க முடியல அவளுக்கு. ஒன் வயித்துல வந்து இறங்கியிருக்கா."

நாகவல்லி தலையை ஆட்டினாள். கொல்லைப்பக்கம் போய்த் துவைகல்லில் உட்கார்ந்து வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். இந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்ல முதல் தடவையாக ஒன்று வந்திருந்தது. அதையும் மூத்தவளுக்கே கொடுத்துவிட்டார்கள்.

*

ஆடி மாசம் மலையம்மாள் தகரப்பெட்டியைத் திறந்து நாலு சேலைகளை எடுத்து வைத்தாள். எல்லாம் ஒச்சம்மாள் கட்டிப் பழசானவை.

"நல்லாத் தைக்கிறியே. பிள்ளைக்குப் போர்வை நீயே தைச்சிரு. மார்கழிக் குளிர்ல பொறக்கும். மூத்தவ சேலையிலயே தைச்சுட்டா, வாரவளுக்கு நம்ம வீடுதான்னு வாசம் தெரியும்."

பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் போட மாட்டார்கள். பழஞ்சேலைதான் பஞ்சு போல இருக்கும். நாலு சேலைகளை மடித்து ஒன்றின் மேல் ஒன்றாக விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, சுருக்கம் நீக்கி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நூல் ஓட்டிக்கொண்டே போக வேண்டும். தாயும் பிள்ளையும் சேர்ந்து படுக்கிற அளவுக்கு வரும். மேலேயும் கீழேயும் உள்ள சேலைகள்தான் கண்ணுக்குத் தெரியும். உள்ளே இருக்கிற இரண்டும் தைத்தவளுக்கு மட்டும் தெரியும்.

நாகவல்லி சேலைகளை விரித்தபோது பொன்னுத்தாயி பக்கத்தில் வந்து குத்தவைத்தாள். செங்காவி நிறத்தில் கடுகுமஞ்சள் கட்டம் போட்ட கண்டாங்கி ஒன்று அதில் இருந்தது. அதன் முந்தியில் பொட்டளவுக்கு ஓர் ஓட்டை. பொன்னுத்தாயி யோசிக்காமல் ஆள்காட்டி விரலை அதற்குள் விட்டாள். பழகிய விரல் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"எங்க ஆத்தா அடுப்பு ஊதறப்ப நெருப்புப் பட்டது. நான் இதுக்குள்ள வெரலை விட்டுக்கிட்டுத்தான் தூங்குவேன். சின்னாத்தா, இதை மேல வைப்பீகளா, உள்ள வைப்பீகளா?"

"ஓட்டைச் சேலையை மேல வச்சா நூல் நிக்காது. உள்ளதான் வைக்கணும்."

"உள்ள வச்சாலும் இருக்குமில்ல?"

"இருக்கும்."

பொன்னுத்தாயி விரலை எடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

நாகவல்லி அந்தச் சேலையை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இந்த வீட்டில் ஒச்சம்மாள் எங்கே இருக்கிறாள் என்று யாராவது கேட்டால் இதோ இந்த ஓட்டையில் இருக்கிறாள் என்று காட்டிவிடலாம் போலிருந்தது. இதைப் போய்ப் பிள்ளையின் மேல் போர்த்துவதா?

தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த மூட்டையில் இரண்டு சேலைகள் இருந்தன. செத்துப்போன அவளுடைய ஆத்தாளின் சேலைகள். அண்ணி கரித்துணிக்கு எடுக்கப் போனபோது பிடுங்கி ஒளித்து வைத்தவை. வெளுத்து, நிறம் என்று ஒன்று இல்லாமல் போனவை. நாகவல்லி அவற்றை எடுத்து நடுவில் விரித்தாள். மேலேயும் கீழேயும் ஒச்சம்மாளின் சேலைகளை வைத்தாள். நாலே நாளில் தைத்து முடித்தாள். ஒரு நூல்கூடக் கோணவில்லை. வயிற்றெரிச்சலோடு செய்த வேலை இவ்வளவு அழகாக வருமா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

ஓட்டைச் சேலையும் இன்னொன்றுமாக மீதி நின்ற இரண்டு சேலைகளை வீட்டில் வைக்க முடியாது. மலையம்மாள் வயலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், துணி எடுக்க வந்த சலவைக்கார ஆயியிடம் கொல்லை வாசலில் வைத்துக் கொடுத்தாள்.

ஆயி வாங்காமல் நின்றாள். "மூத்தவுக சேலையில்ல இது? பெரியவுகளுக்குத் தெரியுமா தாயி?"

"அவுகதான் குடுக்கச் சொன்னாக. ஒன் மக பிள்ளையார்பட்டியிலதான இருக்கா? அவளுக்குக் குடுத்துரு. இந்த ஊர்ல கட்ட வேண்டாம்."

"அம்புட்டுத் தூரம் போகணுமாக்கும் இந்தச் சேலை," என்று ஆயி சிரித்தாள். நாகவல்லி சிரிக்கவில்லை. ஆயியும் மேலே ஒன்றும் கேட்காமல் மூட்டைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கு நாகவல்லி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அப்படி ஒரு பசி.

*

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. பிள்ளையார்பட்டித் தேருக்கு வீரையா வண்டி கட்டினான். மாசமாக இருக்கிறவள் கூட்டத்தில் இறங்கக் கூடாது, வண்டியிலிருந்தே கும்பிட்டுக்கொள்ளட்டும் என்று மலையம்மாள் சொல்லிவிட்டாள். ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் வண்டியை அவிழ்த்துப் போட்டார்கள். வீரையா மாடுகளைத் தண்ணீர் காட்டக் கூட்டிப் போனான். மலையம்மாள் தேங்காய் பழம் வாங்கப் போனாள்.

"பிள்ளையப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொன்னுத்தாயி வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேர்ச்சத்தம் கேட்டது. ஜனங்கள் பாதை முழுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நாகவல்லி அந்தச் சேலையைப் பார்த்தாள். செங்காவியில் கடுகுமஞ்சள் கட்டம். நல்ல உயரமான ஒரு பொம்பளை கொசுவம் வைத்துக் கட்டிக்கொண்டு நடந்து வந்தாள். முகத்தில் ஆயியின் ஜாடை இருந்தது. அவள் தன்னைப் பார்த்துவிட்டு, சேலை கொடுத்த புண்ணியவதி இவள்தானா என்று வந்து பேசிவிட்டால் என்ன செய்வது? நாகவல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வண்டிக்குள் திரும்பிக் கொண்டாள். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள்.

மறுபடி திரும்பியபோது வண்டியின் பின்பக்கம் காலியாக இருந்தது.

கூப்பிட்டுப் பார்த்தாள். மரத்தைச் சுற்றி வந்தாள். வீரையா மாடுகளோடு வந்தான், மலையம்மாளும் வந்தாள். "எங்கடி பிள்ளை?" என்றாள்.

"இங்கதான் இருந்தா."

"இங்கன்னா எங்க? எங்குட்டுப் போனா? ஒன்னைய நம்பித்தான விட்டுட்டுப் போனேன்."

வீரையா மாடுகளை அப்படியே விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் ஓடினான். அங்கே பத்தூர் ஜனம் இருந்தது. ஊருணி வேறு நிரம்பிக் கிடந்தது. மலையம்மாள் எதிரில் வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, ஆறு வயசுப் பிள்ளை, மூக்குக் குத்தியிருக்கும், பச்சைப் பாவாடை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போனவர்கள் உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஆயிரம் பச்சைப் பாவாடைகள் போய்க்கொண்டிருந்தன.

எதைத் தேட வேண்டும் என்று நாகவல்லிக்குத் தெரியும். அவள் மட்டும் சொல்லலாம். சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். மலையம்மாள் அவளைத் திரும்ப மானகிரிக்கு வண்டி ஏற்றிவிட்டாலும் விடுவாள். பிள்ளை எப்படியும் கிடைத்துவிடும், நாலு பேர் பார்த்துக் கொண்டுவந்து விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. தேர் ஒரு வீதி நகர்ந்திருந்தது. வீரையா திரும்பி வந்தான். வேஷ்டி முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. ஊருணிக்குள் இறங்கிப் பார்த்திருக்கிறான் என்று புரிந்ததும் அவளுக்கு வாய் திறந்துவிட்டது.

"அக்கா சேலை கட்டின ஒரு பொம்பளையைத் தேடுங்க. அவ பின்னாலதான் போயிருப்பா."

"எந்தச் சேலை?"

"செங்காவி. கடுகுமஞ்சள் கட்டம். முந்தியில ஒரு ஓட்டை இருக்கும்."

வீரையா அவளைக் குழப்பத்தோடு பார்த்தான். "அப்படி ஒண்ணு இருந்துச்சா?" என்றான்.

நாகவல்லி அவன் முகத்தையே பார்த்தாள். அவன் நடிக்கவில்லை. ஆறு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணியவள் மாற்றி மாற்றிக் கட்டிய நாலைந்து சேலைகளில் ஒன்று. அது அவனுக்கு ஞாபகமே இல்லை. மலையம்மாள்தான் பதில் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் அந்தச் சேலை. வா," என்றாள் மகனிடம். நாகவல்லியை ஒரு பார்வை பார்த்தாள். "ஒன்கிட்ட வீட்டுல வந்து பேசிக்கிறேன்."

அரை நாழிகையில் கிடைத்துவிட்டாள். பொரிக்கடைப் பக்கத்தில் ஆயியின் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவள் முந்தியைப் பிடித்தபடி பொன்னுத்தாயி. விரல் ஓட்டைக்குள் இருந்தது. மற்ற கையில் பொரி இருந்தது.

"பிள்ளை யாருன்னு தெரியல, பெரியவுகளே. கேட்டா பேரு மட்டும் சொல்லுது. அழுகவும் இல்ல, விடவும் மாட்டேங்குது. நானும் தேர் பாக்காம இங்கயே நிக்கிறேன்," என்றாள் ஆயியின் மகள்.

வண்டியில் வரும்போது மலையம்மாள் பேத்தியிடம் மெதுவாகக் கேட்டாள். "ஆத்தான்னு நினைச்சுப் போனியாடி கண்ணு?"

"இல்ல அப்பத்தா. எங்க ஆத்தாதான் செத்துப்போச்சே. சேலைதான் எங்க ஆத்தாளோடது," என்ற பொன்னுத்தாயி நாகவல்லியைப் பார்த்தாள். "சின்னாத்தா, நீங்க உள்ள வச்சுத் தைக்கணும்னு சொன்னீகளே."

அதில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கண்டரமாணிக்கம் வந்து சேரும் வரைக்கும் நாகவல்லி மாட்டுக்கொம்பையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் மனம் நிலைகொள்ளவில்லை. ஒன்றரை வருஷமாக அவள் போட்டி போட்ட ஒச்சம்மாள் வீரையாவின் நெஞ்சுக்குள் இல்லவே இல்லை. அவன் பேசாமல் நின்றபோதெல்லாம் மாட்டைப் பற்றித்தான் யோசித்திருக்கிறான். இது தெரிந்தால் சந்தோஷமாக இருக்கும் என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறாள். இப்போது பயம்தான் வந்தது. நாளைக்கு நான் செத்தாலும் இப்படித்தானே, அப்படி ஒன்று இருந்ததா என்று கேட்பார்.

*

"பிரி," என்றாள் மலையம்மாள்.

போர்வை கூடத்தில் விரிந்து கிடந்தது. நாகவல்லி ஊசிமுனையால் ஒவ்வொரு தையலாக நெம்பி எடுத்தாள். மலையம்மாள் எதிரே உட்கார்ந்து வெற்றிலையைக்கூடத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் சேலை விலகியதும் வெளுத்துப்போன இரண்டு சேலைகள் வெளியே வந்தன.

"இது யாரோடது?"

"எங்க ஆத்தாளோடது."

மலையம்மாள் அந்தச் சேலைகளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு, "செத்தவளுக்குப் போட்டியா இன்னொரு செத்தவளையா கூட்டியாந்து உள்ள வச்சுத் தைச்ச?" என்றாள்.

நாகவல்லி குனிந்தபடியே நூலைச் சுருட்டினாள். "ஆமா. எனக்கு வேற யாரு இருக்கா?"

வாசலில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த வீரையா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இது தனக்கு வேலையில்லாத இடம் என்று தெரிந்துகொண்டு மறுபடி வைக்கோலுக்குப் போனான்.

"ஒங்க ஆத்தா பேரு என்ன?" என்று மலையம்மாள் கேட்டாள்.

"சோணையம்மாள்."

இந்தப் பேரை அந்த வீட்டில் யாரும் அதுவரைக்கும் கேட்டதில்லை. மலையம்மாளுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். வெற்றிலைப் பெட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"கேட்டிருந்தா ஒண்ணை உள்ள வைக்கச் சொல்லியிருப்பேன்ல?"

"சொல்லியிருக்க மாட்டீக."

மலையம்மாள் பாக்கை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தாள். "சொல்லியிருக்க மாட்டேன்தான்," என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நாகவல்லியே முடிவு செய்தாள். அண்ணன் ஆடிக்கு எடுத்துக் கொடுத்த புதுச்சேலையை ஆயியிடம் கொடுத்தாள். அதற்குப் பதிலாக இரண்டு சேலைகளையும் மகளிடமிருந்து வாங்கி வரச் சொன்னாள். ஆயி அவற்றை வெளுத்து மடித்துக் கொண்டுவந்தாள். "போறப்பவே சொன்னேன், அம்புட்டுத் தூரம் போகணுமான்னு," என்றாள். நாகவல்லி ஒச்சம்மாளின் நாலு சேலைகளையும் சேர்த்துப் பொன்னுத்தாயிக்கு ஒரு போர்வை தைத்தாள். ஓட்டைச் சேலையை இந்தத் தடவை மேலே வைத்தாள். ஓட்டையைச் சுற்றி நெருக்கமாக நூல் ஓட்டி, கிழிந்து போகாதபடி செய்தாள். தன் ஆத்தாளின் இரண்டு சேலைகளில் பிள்ளைக்கு ஒரு சின்னப் போர்வை தைத்தாள்.

மலையம்மாள் விடவில்லை. "மூத்தவ வாரப்ப அவளுக்கு வாசம் தெரிய வேணாமா?"

"அக்கா வந்தா மொதல்ல அவுக மககிட்டத்தான் போவாக. அங்க இருக்கு அவுக சேலை," என்றாள் நாகவல்லி.

மலையம்மாள் இரண்டு நாள் இதை யோசித்துப் பார்த்துவிட்டு, போர்வைப் பேச்சை விட்டாள்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் வீரையா வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தான். நாகவல்லி அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"திரும்பாமச் சொல்லுங்க. நான் இப்ப என்ன சேலை கட்டியிருக்கேன்?"

வீரையாவின் கை நின்றது. மாட்டைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். "பச்சை," என்றான்.

அவள் கட்டியிருந்தது நீலக் கண்டாங்கி. அந்த மாசம் முழுக்க அதையேதான் துவைத்துத் துவைத்துக் கட்டினாள்.

*

மார்கழி பிறந்து ஒன்பதாம் நாள் காலையில் நாகவல்லிக்குப் பெண் பிறந்தது. மலையம்மாள் பிள்ளையைக் குளிப்பாட்டி எடுத்து வந்து, "வந்துட்டா பாரு எம் மருமக. அதே நெத்தி, அதே கண்ணு," என்றாள். பெற்றவள் அசந்து கிடந்தாள்.

பொன்னுத்தாயி தன் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். குனிந்து பிள்ளையை உற்றுப் பார்த்தாள். மூக்கைத் தொட்டாள். காதைப் புரட்டிப் பார்த்தாள். சந்தையில் மாடு பிடிக்கிறவர்கூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்.

"இது எங்க ஆத்தா இல்ல அப்பத்தா," என்றாள்.

"சும்மா இருடி. ஒனக்கு என்ன தெரியும்?"

"எங்க ஆத்தா மூக்கு இப்படிச் சப்பையா இருக்காது. இது சின்னாத்தா மூக்கு. இது சின்னாத்தா பிள்ளைதான்."

நாகவல்லி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று மலையம்மாளுக்குத் தெரியவில்லை. ஆனால் ஒச்சம்மாளை அவள் மகளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த வீட்டில் வேறு யாரும் கிடையாது. ஆகையால் அந்தப் பேச்சு அதோடு நின்றது. மூக்குச் சப்பை என்று சொன்னதற்காக நாகவல்லி பிறகு கண்ணாடியை இரண்டு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு மாசம் போயிருக்கும். பிள்ளையை மடியில் போட்டுத் தன் நீலச்சேலை முந்தானையால் மூடி நாகவல்லி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பொன்னுத்தாயி தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பார்வை நாகவல்லிக்கு எங்கேயோ பழக்கப்பட்டதாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. ஓலைப்பெட்டியை நாகவல்லி பார்க்கிற பார்வை அது.

"பாப்பாவுக்கு மட்டும் ஒங்க சேலையா?" என்றாள் பொன்னுத்தாயி.

"ஒனக்குத்தான் பெரிய போர்வை இருக்கே. நாலு சேலையும் ஒங்க ஆத்தாளோடது."

"அது எங்க ஆத்தாளோடது. எனக்கு ஒங்களோடது ஒண்ணும் இல்ல. பாப்பாவுக்கு மட்டும் இருக்கு."

நாகவல்லிக்கு முகத்தில் சூடு ஏறியது. இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. அவளுக்குச் சொந்தமான ஒன்றைப் பார்த்து ஒருத்தர் பொறாமைப்படுவது இதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது. கொள்ளைச் சந்தோஷமாகவும் இருந்தது.

பிள்ளை தூங்கியதும் அதைத் தொட்டிலில் போட்டாள். வேறு சேலைக்கு மாறிக்கொண்டு அந்த நீலக் கண்டாங்கியை அரிவாள்மணையில் வைத்து முந்தியிலிருந்து ஒரு துண்டு அறுத்தாள். அதைப் பொன்னுத்தாயியின் போர்வையில் தலைமாட்டு ஓரத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அந்த ஓட்டையை அடைச்சிராதீக," என்றாள் பொன்னுத்தாயி.

"அடைக்க மாட்டேன். அதுக்குப் பக்கத்துல வைக்கிறேன்."

"பாப்பாவுக்கு எம்புட்டுக் குடுத்தீக?"

"பாப்பாவுக்கு இன்னும் எதுவும் அறுக்கல. அது என் முந்தானைக்குள்ளதான் கிடக்குது."

பொன்னுத்தாயி கணக்குப் போட்டுப் பார்த்தாள். தொட்டிலைப் பார்த்தாள், மிச்சச் சேலையைப் பார்த்தாள். "அப்ப எனக்கு இன்னும் ஒரு சாண் குடுங்க," என்றாள்.

நாகவல்லி இன்னொரு சாண் அளந்து மறுபடி அறுத்தாள். துணி அறுபடுகிற சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து மலையம்மாள் குரல் கொடுத்தாள்.

"இப்ப யாரு சேலையடி அது?"

அந்த நீலச்சேலையும் ஒரு பகல், ஓர் இரவு அந்த ஓலைப்பெட்டி மேல் இருந்து வந்ததுதான். அது நாகவல்லிக்கு ஞாபகம் வந்தது. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"என் சேலைதான் அத்தை."